காணொளி, வகுப்பு, கோச்: எங்கள் பனியன் கம்பெனிக்கு வாங்கிய சூப்பர்வைசர் பயிற்சி

சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி வாங்கலாமா என்று திருப்பூரில் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். நாங்கள் வாங்கி, அரை ஆண்டு முழுக்க நடத்தி முடித்துவிட்டோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பயிற்சி தந்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதே மாதிரித் திட்டத்தைப் பலரும் விற்கிறார்கள், எனவே பெயரைவிட எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தையல் லைனுக்கே வந்து சூப்பர்வைசரின் பக்கத்தில் நின்று வழிநடத்தும் கோச்சுக்காக இதை வாங்குங்கள். அந்த ஆள் சரியாக அமையாவிட்டால், மற்றது எல்லாம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பணம் தண்டம்.

நான் ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனத்தில் உற்பத்தி மேலாளர். செக்கிங் மேசையில் பீஸ் பார்த்துத் தொடங்கி இந்த இடத்துக்கு வந்தவள். எங்கள் தொழிலில் சூப்பர்வைசர் எப்படி உருவாகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். கை வேகமுள்ள டெய்லர் ஒருவரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து இந்த லைனை நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுவோம். ஓவர்லாக் தையல் மெஷினில் அவர் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முப்பது பேரை வேலை வாங்குவதும், புதிதாக வந்தவருக்குக் கற்றுக்கொடுப்பதும், டேமேஜ் வரும்போது அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதும் வேறு வேலை. அதை யாரும் அவருக்குச் சொல்லித் தருவதில்லை. தனக்கு முன்னால் இருந்தவர் கத்தியதைப் பார்த்திருப்பார், அவரும் கத்துவார். காங்கேயம், தாராபுரம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள், அல்லது பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகள் முதல் சம்பளம் கைக்கு வந்ததும் ஊருக்கு ரயிலேறிவிடுவார்கள். ஆள் நிற்பதில்லை என்று ஊரெல்லாம் புலம்புகிறோம். முதல் வாரத்தில் அந்தப் பிள்ளையிடம் சூப்பர்வைசர் எப்படிப் பேசினார் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. இந்தப் பயிற்சியை வாங்கச் சொல்லி நான் முதலாளியிடம் வற்புறுத்தியதற்குக் காரணம் அதுதான்.

திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கலப்புக் கற்றல். மூன்று பகுதிகள். கைப்பேசியில் செயலி வழியாகச் சிறுசிறு காணொளிப் பாடங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் கேள்விகள். தொடக்கத்தில் இரண்டு நாள் வகுப்பு, அதன்பின் மாதம் ஒரு வகுப்பு. மூன்றாவதாக, வாரம் ஒரு முறை அரை நாள் தொழிற்சாலைக்குள் வரும் கோச். ஒரு சூப்பர்வைசருக்கு ஆன செலவு ஏறக்குறைய அவருடைய ஒரு மாதச் சம்பளம். விலைப் பட்டியலில் செயலியைத்தான் மிகப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கோச் வருகை கடைசி வரியில் இருந்தது.

காணொளிகளில் நல்லவையும் இருக்கின்றன. லைன் பேலன்சிங், அதாவது லைனில் வேலையைத் தேங்காமல் பங்கிடுவது, அந்தப் பாடத்தை நான் இரண்டு முறை பார்த்தேன். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் எத்தனை நொடி ஆகிறது, எந்த மெஷினுக்கு முன்னால் பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) குவிகிறது, அந்த இடத்தைத் தளர்த்தாமல் மற்ற மெஷின்களை விரட்டினால் ஏன் பயனில்லை என்று படம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சுத் தெளிவு, பாடமும் சிறியது. பஸ்ஸில் வரும்போதே பார்த்து முடித்துவிடலாம்.

ஆனால் பெரும்பாலான காட்சிகள் சட்டைத் தொழிற்சாலையில் எடுத்தவை. தறித் துணியும் பின்னல் துணியும் ஒன்றல்ல. தறித் துணி வெட்டின இடத்தில் வெட்டினபடி கிடக்கும். பின்னல் துணி இழுத்தால் நீளும், ஓரம் சுருளும், சலவைக்குப் பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு போகும். எங்கள் சூப்பர்வைசர்கள் தினமும் மல்லுக்கு நிற்பது இதனோடுதான். காலர் தைக்கும் காட்சியைப் பத்து நிமிடம் பார்க்கச் சொன்னால் அவர்களுக்கு என்ன பிடிப்பு வரும்? பனியன் தொழிலின் தலைநகரில் விற்கும் திட்டத்துக்கு ஒரு பனியன் லைனில் போய்ப் படம்பிடித்திருக்க வேண்டும். இதை எழுத்து மூலமாகவே அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அலுவலகக் கணினியில் யார் எத்தனை பாடம் முடித்தார்கள் என்று காட்டும் பலகை ஒன்று உண்டு. முடித்தவருக்குப் பச்சை. எல்லோர் பெயருக்கு நேராகவும் சீக்கிரமே பச்சை விழுந்துவிட்டது. கேள்விகளுக்கான விடைகள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதே தெரியும். சூப்பர்வைசர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பிள்ளைகளைத் தூங்கவைக்கும் ஒரு பெண்ணிடம் பச்சைப் புள்ளி கேட்டால் பச்சைப் புள்ளிதான் கிடைக்கும்.

வகுப்பு நன்றாக நடந்தது. பயிற்றுநர் கலகலப்பானவர், கொங்கு வட்டாரத்துக்காரர், நடித்துக் காட்டிப் பாடம் நடத்தினார். காகிதத்தில் கப்பல் செய்யவைத்து லைன் பேலன்சிங்கை விளக்கினார். எல்லோரும் மகிழ்ச்சியாகக் கலந்துகொண்டார்கள். கருத்துப் படிவத்தில் முழு மதிப்பெண் போட்டார்கள். திங்கட்கிழமை காலை லைனில் அதே கூச்சல். பயிற்சியை மதிப்பிட நான்கு நிலைகள் உண்டு என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே எழுதிவைத்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் கிடைத்ததா. நாம் கருத்துப் படிவத்தில் கேட்பது முதல் கேள்வியை மட்டும்தான். செயலி இரண்டாவதைக் கேட்கிறது, அதுவும் அரைகுறையாக. மூன்றாவது கேள்விக்கு விடை வேண்டுமானால் யாராவது லைனில் நின்று பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் கோச் வந்தார். பெரிய ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தர மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூரிய கண். சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு, ஒரு அளவு டேப். முதல் இரண்டு வருகைகளில் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. லைனின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இவருக்கா இவ்வளவு பணம் என்று எங்கள் கணக்குப் பிரிவில் கேட்டார்கள்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். டி-சர்ட் கழுத்துக்கு ரிப் என்னும் நீளும் பட்டைத் துணியை வைக்கும் இடம். ரிப் வளையம் கழுத்துச் சுற்றளவைவிடச் சிறியதாக இருக்கும்; அதைச் சீராக இழுத்துக்கொண்டே ஓவர்லாக்கில் ஓட்ட வேண்டும். முதல் பாதியில் அதிகம் இழுத்துவிட்டால் மறுபாதிக்கு ரிப் மிஞ்சிப்போய், கழுத்து ஒரு பக்கம் நெளிந்து நிற்கும். அன்று அந்த லைனில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. செக்கிங்கிலிருந்து பீஸ்கள் ஆல்ட்ரேஷனுக்கு, அதாவது பிரித்துச் சரிசெய்ய, திரும்பித் திரும்பி வந்தன. மெஷினில் இருந்தது ஒடிசாவிலிருந்து வந்த, வேலைக்குச் சேர்ந்து சில வாரமே ஆன பெண். சூப்பர்வைசர் ஒரு பீஸை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டி, தனக்குத் தெரிந்த நான்கு இந்திச் சொற்களில் திட்டிக்கொண்டிருந்தாள்.

கோச் அந்த ஆபரேட்டரிடம் பேசவில்லை. மெஷினைத் தொடவும் இல்லை. சூப்பர்வைசரை இரண்டடி பின்னால் கூட்டிக்கொண்டு வந்தார். "அம்மிணி, பத்து பீஸ் முடியும்வரை ஒன்றும் பேசாமல் அவள் இடது கையை மட்டும் பாருங்கள்" என்றார். அவள் பார்த்தாள். ஏழாவது எட்டாவது பீஸில் அவளே சொன்னாள்: "ஆரம்பத்திலேயே இழுத்துவிடுகிறாள் சார்."

"முன்கழுத்தின் நடுவை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறாள்?"

"ரிப்பில் குறி இருக்கும் சார், நாலு இடத்தில்."

"இருக்கிறதா, பார்த்துவிட்டு வாருங்கள்."

அவள் போய் பண்டிலைப் பிரித்துப் பார்த்தாள். குறி இல்லை. கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாக, நிற்கும் அம்மாதான் ரிப்பை நான்காக மடித்துக் குறி போட்டுக் கொடுக்க வேண்டியவர். காலையில் உற்பத்தி குறைகிறதென்று, அந்தக் குறியெல்லாம் வேண்டாம், சீக்கிரம் அடுக்கிக் கொடு என்று அவரிடம் சொன்னது யார்? இந்தச் சூப்பர்வைசர்தான். அவள் முகத்தில் அது தெரிந்த கணத்தை நான் பார்த்தேன். கோச் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. "இப்போது என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டார்.

குறி திரும்ப வந்தது. அதோடு விடவில்லை. ஆபரேட்டருக்கு எப்படிக் காட்டப்போகிறாய் என்று கேட்டு, சூப்பர்வைசரையே மெஷினில் உட்காரவைத்தார். மெதுவாக ஒரு பீஸ். குறியும் குறியும் சேரும் இடத்தில் நிறுத்தி, விரலால் தொட்டுக் காட்டி, அடுத்த குறிவரை. பிறகு அந்த ஒடிசாப் பெண்ணை உட்காரவைத்து அவள் செய்வதைப் பார்ப்பது. இந்தி தேவைப்படவே இல்லை. தேநீர் இடைவேளையில், நூல் அடுக்கு வைத்திருக்கும் மூலையில், கோச் சூப்பர்வைசரிடம் மூன்று கேள்விகள் கேட்டார்: என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், அடுத்த வாரம்வரை எந்த ஒன்றை மட்டும் விடாமல் செய்யப்போகிறீர்கள். விடையை அவள் குறிப்பேட்டில் அவள் கையாலேயே எழுதவைத்தார். அடுத்த வாரம் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

இப்படிக் கற்றுக்கொடுக்கும் முறைக்கு எண்பது ஆண்டு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அனுபவமுள்ள தொழிலாளர்கள் போர்முனைக்குப் போக, தொழிற்சாலையையே பார்த்திராதவர்களை வைத்து உற்பத்தியை நடத்த வேண்டிய நிலை அமெரிக்காவுக்கு வந்தது. 1940 முதல் 1945 வரை அந்நாட்டு அரசு நடத்திய தொழிற்சாலைப் பயிற்சித் திட்டத்தில் 16 லட்சத்துக்கும் அதிகமானோர் சான்று பெற்றார்கள். ஒரு பாடத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள், அவ்வளவுதான். கற்பிக்க நான்கு படிகள்: ஆளைத் தயார்ப்படுத்துவது, செய்துகாட்டுவது, செய்யவைத்துப் பார்ப்பது, பிறகும் வந்து வந்து பார்ப்பது. சூப்பர்வைசரின் சட்டைப்பையில் அடங்கும் அட்டையில் இவற்றை அச்சிட்டுக் கொடுத்தார்கள். தொழிலாளி கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்று பொருள் என்ற வாசகமும் அதில் உண்டு. போருக்குப் பிறகு இது ஜப்பானுக்குப் போய், டொயோட்டா தன் தொழிற்சாலைகளில் இதை ஊன்றி வளர்த்துக்கொண்டது.

எங்கள் வகுப்பிலும் இந்த நான்கு படிகளைத்தான் நடத்தினார்கள். ஆனால் பயிற்சி விற்பவர்களும் வாங்குபவர்களும் நான்காவது படியைத் தாங்களே கைவிட்டுவிடுகிறோம். தயார்ப்படுத்துகிறோம், காட்டுகிறோம், வகுப்பில் ஒரு முறை செய்யவும் வைக்கிறோம். பிறகு போய்ப் பார்ப்பதில்லை. சூப்பர்வைசர்களுக்குக் கோச்தான் அந்த நான்காவது படி. அமெரிக்காவில் ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களின் தொடக்கத்தில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: விளக்கம், செய்துகாட்டல், பயிற்சி மூன்றும் கொடுத்தாலும், உடன் நின்று வழிநடத்த ஆள் இல்லையென்றால் கற்றது வகுப்பறைக்குள் போய்ச் சேர்வது அரிது. 1997-இல் வெளியான இன்னொரு ஆய்வை எல்லாப் பயிற்சி நிறுவனங்களும் காட்டுவார்கள். அங்கே ஓர் அரசுத் துறை சார்ந்த அமைப்பில் 31 மேலாளர்களுக்கு வகுப்புப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது உற்பத்தித்திறன் 22.4 சதவீதம் கூடியதாகவும், அதன்மேல் எட்டு வாரம் தனித்தனிக் கோச்சிங்கும் சேர்ந்தபோது 88 சதவீதம் கூடியதாகவும் அது சொல்கிறது. 31 பேரை வைத்து வந்த எண்ணைத் தையல் லைனுக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். விற்க வருபவர் 88 என்று சொன்னால் தலையசைத்துவிட்டு, உங்கள் கோச் யார் என்று கேளுங்கள்.

கோச் வந்த பிறகு மற்ற இரண்டு பகுதிகளுக்கும் உயிர் வந்தது. கழுத்து ரிப் விஷயம் நடந்த அன்று மாலை, அந்தச் சூப்பர்வைசருக்கு ஒரே ஒரு காணொளியின் எண்ணைக் குறித்துக்கொடுத்தார்: வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துக் காட்டுவது எப்படி என்ற பாடம். ஏற்கெனவே பச்சை வாங்கிய பாடம்தான். இந்த முறை உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் என்னிடம் வந்து, ஓரம் மடித்துத் தைக்கும் ஹெம்மிங்குக்கும் இதே மாதிரிப் படிகள் எழுதலாமா என்று கேட்டாள். மாத வகுப்பும் மாறியது. பயிற்றுநர் தன் பாடத்தைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தன் லைனில் அந்த மாதம் தீராமல் இருந்த ஒரு சிக்கலைக் கொண்டுவரும்படி செய்தார். முதலில் லைனில் சிக்கல், பிறகு அதற்கான பாடம், பிறகு வகுப்பில் பேச்சு என்று வரிசையைத் தலைகீழாக்கியபோதுதான் கலப்பு என்பது உண்மையிலேயே கலந்தது. புதிதாக வாங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே இந்த வரிசையில் நடத்தச் சொல்லுங்கள்.

மனக்குறைகளும் உண்டு, இரண்டு பெரியவை. பாதிக் காலம் கடந்ததும் அந்த நிறுவனம் கோச் வருகையைக் காணொளி அழைப்பாக மாற்றியது. பயணச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றார்கள். ஓவர்லாக் மெஷின்கள் வரிசையாக ஓடும் கூடத்தில் கைப்பேசியில் என்ன கேட்கும், என்ன தெரியும்? ஆபரேட்டரின் இடது கை தெரியுமா? சூப்பர்வைசர்கள் அழைப்பை எடுத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது சார் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். நான் கடுமையாக எழுதிய பிறகு வருகை திரும்பத் தொடங்கியது. நடுவில் வீணான வாரங்களுக்கு ஈடாக எதுவும் தரவில்லை. ஒப்பந்தத்தில் நேரில் என்ற சொல் இல்லாததுதான் அவர்கள் பிடித்துக்கொண்ட வாய்ப்பு. உங்கள் ஒப்பந்தத்தில் அதை எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது குறை எங்கள் பக்கத்தைச் சேர்ந்தது. யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று அறிக்கை கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கோச்சிடம் கேட்டுவிட்டார்கள். அது எப்படியோ லைனுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் ஒருவரும் அவரிடம் வாய் திறக்கவில்லை. நான் முதலாளியிடம் போய் உட்கார்ந்து பேசி, கோச்சிடம் சூப்பர்வைசர் சொல்வது கோச்சோடு நிற்கும், எங்களுக்கு வேண்டியது லைனின் டேமேஜ் கணக்கும் ஆள் நிற்கும் கணக்கும் மட்டுமே என்று முடிவு வாங்கினேன். உளவு பார்க்க வந்தவர் என்ற எண்ணம் ஒரு முறை விழுந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட கோச்சும் பயன்பட மாட்டார்.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பழைய ஆள் ஒருவர், இத்தனை வருடம் லைன் ஓட்டியவனுக்கு இவர் என்ன சொல்லித் தருவது என்று கடைசிவரை விலகியே நின்றார். இன்னொருவர் கோச் இருக்கும்போது ஒரு மாதிரியும் போன பிறகு ஒரு மாதிரியும் இருக்கிறார். ஆனால் கழுத்து நெளிவு வந்த அந்த லைனில் ஆல்ட்ரேஷனுக்கென்றே வைத்திருந்த டெய்லரை எடுத்து வேறு லைனுக்குப் போட முடிந்திருக்கிறது. அந்த ஒடிசாப் பெண் ஊருக்குப் போகவில்லை. தன் தங்கையையும் வேலைக்கு அழைத்துவந்திருக்கிறாள்.

வாங்கும் முன் கோச்சை நேரில் பாருங்கள். உங்கள் லைனில் ஒரு மணி நேரம் நிற்கவையுங்கள். என்ன பார்த்தார் என்று கேளுங்கள். பின்னல் துணி தெரியாதவர், மேடைப் பேச்சு மட்டும் தெரிந்தவர் அந்த ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடுவார். ஒருவர் எத்தனை சூப்பர்வைசர்களைப் பார்ப்பார் என்று கேளுங்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் வந்து போனதாகக் கையெழுத்துதான் மிஞ்சும். ஷிப்மென்ட் வாரத்திலும் வருவாரா என்று கேளுங்கள், அதே கேள்வியை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். கன்டெய்னர் வாசலில் நிற்கும்போது கோச்சை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதுதான் நம் வழக்கம். சூப்பர்வைசர் பழைய கூச்சலுக்குத் திரும்புவதும் அந்த வாரத்தில்தான்.

திட்டக் காலம் முடிந்த பிறகு யார் தொடர்வது என்ற கேள்விக்கு அந்த நிறுவனத்திடம் விடை இல்லை. நாங்களே ஒரு வழி செய்திருக்கிறோம். கழுத்து ரிப் லைனைப் பார்க்கும் அந்தப் பெண் இப்போது வாரத்தில் ஒரு மதியம் தன் லைனை உதவியாளரிடம் விட்டுவிட்டு, புதிதாகப் பதவிக்கு வந்த சூப்பர்வைசர்களோடு போய் நிற்கிறாள். அதற்குத் தனியாகப் படி கொடுக்கிறோம். கோச் மாதம் ஒரு முறை வந்து, அவள் எப்படிக் கோச் செய்கிறாள் என்று பார்க்கிறார். அடுத்த ஆண்டுக்குச் செயலிக்கான சந்தாவை நாங்கள் புதுப்பிக்கவில்லை. கோச் வருகையையும் மாத வகுப்பையும் மட்டும் எடுத்திருக்கிறோம், செக்கிங் பிரிவையும் சேர்த்து.